ஜாரைத் தடுத்த பிறகும் கிளாஸ் எப்படி உள்ளே வந்தது?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். சோழிங்கநல்லூரில் ஒரு ஐடி நிறுவனம், மேவன் என்ற பில்ட் கருவியால் கட்டப்படும், பல மாட்யூல்கள் கொண்ட பழைய ஜாவா ப்ராஜெக்ட், கடைசியில் டாம்கேட் சர்வரில் ஏறும் ஒரு வார் ஃபைல் (ஜார்கள், அதாவது ஜாவா கிளாஸ்களைக் கட்டிய ஃபைல்கள், எல்லாம் உள்ளே அடங்கிய வெப் பேக்கேஜ்). லாக் எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜே-கோரின் (log4j-core) பழைய பதிப்புகள் வரவே கூடாது என்று பேரன்ட் போமில் (மாட்யூல்களுக்குப் பொதுவான மேவன் அமைப்பு ஃபைல்), பில்டில் விதிகளைச் சரிபார்க்கும் என்ஃபோர்சர் ப்ளகினின் 'பேன்ட் டிபென்டென்சீஸ்' விதியைப் போட்டீர்கள். பில்ட் எந்தத் தடையும் இல்லாமல் முடிகிறது. ஆனால் கிளையன்ட்டின் ஸ்கேனர் அதே வார் ஃபைலுக்குள் லாக்ஃபோர்ஜே-கோரின் 'ஜேஎன்டிஐ லுக்அப்' கிளாஸ் இருப்பதாகச் சொல்கிறது. கூடவே, கன்ட்ரோலரில் (வெப் கோரிக்கையை வாங்கும் கிளாஸ்) இருந்து யாரும் நேராக டிஏஓ-வைக் (டேட்டாபேஸோடு பேசும் கிளாஸ்) கூப்பிடக் கூடாது, அதையும் பில்டிலேயே தடுக்க வேண்டும் என்று லீட் கேட்கிறார். "என்ஃபோர்சர் வேலை செய்யவில்லையா, நான்தான் தப்பாக எழுதிவிட்டேனா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. நீங்கள் சேர்த்திருந்த விதி சரியாகத்தான் இருக்கிறது, என்ஃபோர்சரும் அதைச் செய்திருக்கிறது. அந்த விதி எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல வருடங்களாக ஓஎம்ஆர் பக்கம் ஜாவா ப்ராஜெக்ட்களின் பில்ட் வேலையைத்தான் செய்து வருகிறேன். இந்த இடத்தில் தடுமாறாத டீமை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பேன்ட் டிபென்டென்சீஸ் விதி எந்த ஜாரையும் திறந்து பார்ப்பதில்லை. மேவன் உங்கள் போம்களைப் படித்து, எது எந்த லைப்ரரியைச் சார்ந்தது என்று ஒரு டிபென்டென்சி மரத்தைக் கட்டுகிறது. அதில் ஒவ்வொரு கிளைக்கும் குரூப், ஆர்டிஃபாக்ட், பதிப்பு, வகை, ஸ்கோப் (எந்தக் கட்டத்தில் தேவை) என்று ஒரு அடையாளம் இருக்கும். விதி அந்த அடையாளத்தை உங்கள் தடைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். கூரியர் பெட்டியின் மேல் ஒட்டிய முகவரியை மட்டும் படித்து உள்ளே விடுவது போன்ற வேலை இது. மறைமுகமாக வரும் டிபென்டென்சிகளையும் வழக்கமான அமைப்பிலேயே பார்த்துவிடும், அதில் குறை இல்லை. மரத்தில் பெயரே இல்லாமல் வருகிற எதையும் அதற்குத் தெரியாது.

பெயர் இல்லாமல் எப்படி வரும்? மூன்று வழிகளை உறுதியாகச் சொல்ல முடியும். முதலாவது, ஷேட் செய்த ஜார். ஒரு வெண்டர் தன் லைப்ரரியோடு லாக்ஃபோர்ஜே-கோரின் கிளாஸ்களையும் ஒரே ஜாராகக் கட்டிக் கொடுத்திருப்பார். மரத்தில் வெண்டரின் பெயர் மட்டும்தான் இருக்கும். இரண்டாவது, சோர்ஸில் இருக்கும் வெப்ஆப் ஃபோல்டருக்குக் கீழே, ஜார்கள் இருக்கும் வெப்-இன்ஃப் லிப் ஃபோல்டருக்குள் யாரோ எப்போதோ கையால் போட்டு வைத்த ஜார். வார் ப்ளகின் அதை அப்படியே காப்பி செய்துவிடும், போமில் ஒரு வரிகூட இருக்காது. ஆன்ட் என்ற பழைய பில்ட் கருவியில் இருந்து மேவனுக்கு மாற்றிய பழைய வங்கி ப்ராஜெக்ட்களில் இதை நிறையப் பார்க்கலாம். மூன்றாவது, வார் ஓவர்லே. உங்கள் ப்ராஜெக்ட் இன்னொரு வார் ஃபைலை டிபென்டென்சியாக எடுத்தால், அதற்குள் இருக்கும் ஜார்கள் எல்லாம் உங்கள் வாருக்குள் வந்துவிடும். ஆனால் வார் வகை டிபென்டென்சிக்குள் மேவன் மேற்கொண்டு இறங்கிப் பார்க்காது, தேவையானதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும்.

உங்கள் ப்ராஜெக்டில் இதில் எது நடந்திருக்கிறது என்பதை இங்கிருந்து சொன்னால் அது யூகம்தான். கேள்வியில் நீங்கள் 'ஒரு ரிப்போர்ட்டிங் லைப்ரரி' என்று குறிப்பிட்டிருப்பதால் ஷேட் செய்த ஜாராக இருக்கலாம் என்று தோன்றுகிறது. யூகத்தை வைத்து போமைத் திருத்தாதீர்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். வார் ஃபைலைப் பிரியுங்கள். லிப் ஃபோல்டரில் இருக்கும் ஒவ்வொரு ஜாரையும் பிரிக்காமலே அதன் உள்ளடக்கத்தைப் பட்டியலிட ஜார் கட்டளையே போதும். அந்தப் பட்டியலில் கிளாஸின் கடைசிப் பெயரை மட்டும் தேடுங்கள், முழு பேக்கேஜ் பெயரோடு தேட வேண்டாம். ஷேட் செய்யும்போது பேக்கேஜ் பெயரையே மாற்றி, வெண்டரின் பெயரை முன்னால் ஒட்டிவிடும் பழக்கம் உண்டு. அப்போதும் கடைசிப் பெயர் மாறாது. ஜாருக்குள் ஜார் இருந்தால் அதையும் திறக்க வேண்டும்.

கிளாஸ் இருக்கிறது என்பதாலேயே ஆபத்து இருக்கிறது என்று ஆகாது. இதைக் கிளையன்ட்டிடம் பேசும் முன் தெரிந்துகொள்வது நல்லது. 2021 டிசம்பரில் வெளிவந்த சிவிஇ-2021-44228 என்ற, இந்தக் கிளாஸ் வழியாக வந்த பாதுகாப்புக் குறை பாதித்தது லாக்ஃபோர்ஜே-கோரின் 2.0 பீட்டா 9 முதல் 2.14.1 வரையிலான பதிப்புகளை. 2.15.0 திருத்தம் முழுமையாக இல்லை என்று 2.16.0 வந்தது, அதற்குப் பிறகு 2.17.0, 2.17.1 என்று அந்த மாதத்துக்குள்ளேயே தொடர்ந்து வந்தன. ஜேஎன்டிஐ லுக்அப் கிளாஸ் 2.17.1-இலும் இருக்கிறது, அதன் செயல்பாடுதான் கட்டுப்படுத்தப்பட்டு, தானாக இயங்காதபடி வைக்கப்பட்டிருக்கிறது. எனவே கிளாஸ் பெயரை மட்டும் பார்க்கும் ஸ்கேனர், திருத்தப்பட்ட பதிப்பையும் குறை சொல்லும். ஜாருக்குள் மெட்டா-இன்ஃப் மேவன் ஃபோல்டரில் பதிப்பு எழுதிய ஒரு ப்ராப்பர்டீஸ் ஃபைல் இருக்கும், ஷேட் செய்த ஜார்களிலும் அது பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். அதைப் பாருங்கள். பழைய பதிப்புதான் என்று தெரிந்தால் போமில் எக்ஸ்க்ளூஷன் போட்டுப் பயனில்லை, மரத்தில் இல்லாததை விலக்க முடியாது. வெண்டரின் புதிய ஜாருக்கு மாறுவதுதான் வழி. அது வரும்வரை, ஜாரில் இருந்து அந்த ஒரு கிளாஸை மட்டும் நீக்கிவிடுவதை லாக்ஃபோர்ஜேயை வெளியிடும் அப்பாச்சியே அன்று தற்காலிகத் தீர்வாகச் சொல்லியிருந்தது.

பெயரும் கிளாஸும் வேறு வேறு என்பது இந்த ஒரு லைப்ரரியோடு நிற்கும் விஷயம் இல்லை. லாக்ஃபோர்ஜே 1.2-இன் கிளாஸ்கள் மூன்று வெவ்வேறு பெயர்களில் உங்களிடம் வரலாம். பழைய ஜார், 2.x-இன் கூடவே வரும் 1.2 ஏபிஐ பாலம், 2022-இல் 1.2.17-இல் இருந்து பிரிந்து வந்த ரீலோட்ஃபோர்ஜே. மூன்றிலும் பேக்கேஜ் பெயர் ஒன்றுதான். இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வெப் அப்ளிகேஷன்களுக்கான ஜகார்த்தா சர்வ்லெட் ஏபிஐ-யின் 4.0 ஜாருக்குள் இருப்பது ஜாவாக்ஸ் பேக்கேஜ்கள். 5.0-இல்தான் ஜகார்த்தா என்ற பேக்கேஜ் பெயர் வந்தது. ஜாரின் பெயர் ஒன்றே, உள்ளே இருக்கும் கிளாஸ்கள் வேறு. ஜகார்த்தா பேக்கேஜ்களைக் கேட்கும் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட் 3-க்கு மாறும் டீம்கள் "ஜாவாக்ஸ் ஜாரை எல்லாம் தடுத்துவிட்டோம்" என்று நிம்மதியாக இருந்து, பிறகு இங்கே மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

சரி, கிளாஸ் அளவில் என்ன செய்யலாம்? என்ஃபோர்சரின் அடிப்படை விதிகளில் இதற்கு ஒன்றும் இல்லை. மோஜோஹவுஸ் வெளியிடும் 'எக்ஸ்ட்ரா என்ஃபோர்சர் ரூல்ஸ்' என்ற தனி ஜாரை, என்ஃபோர்சர் ப்ளகினின் டிபென்டென்சியாகச் சேர்க்க வேண்டும். உங்கள் ப்ராஜெக்டின் டிபென்டென்சியாகச் சேர்த்தால் வேலைக்கு ஆகாது. அதில் 'பேன் டூப்ளிகேட் கிளாசஸ்' என்று ஒரு விதி இருக்கிறது. அது ஜார்களை உண்மையிலேயே திறந்து, ஒரே முழுப்பெயருள்ள கிளாஸ் இரண்டு ஜார்களில் இருந்தால் பில்டை நிறுத்தும். உங்கள் மரத்தில் புதிய லாக்ஃபோர்ஜே-கோரும், ஷேட் செய்த ஜாருக்குள் பெயர் மாற்றாத பழையதும் சேர்ந்து இருந்தால் அன்றே மாட்டியிருக்கும். பழைய ஸ்பிரிங் ப்ராஜெக்டில் இதை முதல்முறை ஓட்டினால் காமன்ஸ் லாகிங், ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்ஃபோர்ஜே, ஸ்பிரிங் 5, 6-இல் வரும் ஸ்பிரிங்-ஜேசிஎல் மூன்றும் ஒரே கிளாஸ்களை வைத்திருப்பதாகக் கத்தும். அது பொய் எச்சரிக்கை இல்லை. வெப்-இன்ஃப் லிப்பில் இருக்கும் ஜார்கள் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று சர்வ்லெட் ஸ்பெசிஃபிகேஷன் சொல்வதில்லை. உங்கள் லேப்டாப்பில் ஒரு ஜாரின் கிளாஸ் ஏறி எல்லாம் ஓடும். யுஏடி (கிளையன்ட் சோதித்துப் பார்க்கும்) சர்வரில் இன்னொன்று ஏறி, இரவு பதினொரு மணிக்கு 'நோ சச் மெத்தட் எரர்' வந்து, ஆன்சைட்டில் இருப்பவரும் நீங்களும் ஒரே லாகை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். விலக்குப் பட்டியலில் மாட்யூல்-இன்ஃபோ போன்ற சிலவற்றை மட்டும் சேருங்கள். கத்துகிறதே என்று முழு பேக்கேஜையும் நட்சத்திரக் குறி போட்டு விலக்கினால் விதியே இல்லாததற்குச் சமம்.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. அதுவும் மேவனுக்குத் தெரிந்த ஜார்களை மட்டும்தான் திறக்கும். கையால் போட்ட ஜாரும் ஓவர்லேயும் அதன் கண்ணிலும் படாது. கையால் போடுவதைத் தடுக்க, அந்த லிப் ஃபோல்டரே சோர்ஸில் இருக்கக் கூடாது என்று என்ஃபோர்சரின் 'ரிக்வயர் ஃபைல்ஸ் டோன்ட் எக்ஸிஸ்ட்' விதியால் சொல்லலாம், அதற்கு ஒரு வரி போதும். மற்றதற்கெல்லாம், வெரிஃபை கட்டத்தில் கட்டி முடித்த வார் ஃபைலையே திறந்து, தடை செய்த கிளாஸ் பெயர்களைத் தேடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டைத்தான் நான் நம்புகிறேன். மேலே சொன்ன அதே தேடல்தான், மெஷின் தினமும் செய்கிறது. சர்வருக்குப் போகப்போவது அந்த வார்தான், போமில் எழுதியிருப்பது இல்லை. டாம்கேட்டின் சொந்த லிப் ஃபோல்டரில் இருப்பதும், ஏஜென்டாக ஏற்றப்படுவதும் இதிலும் தெரியாது. அது உங்கள் பில்டின் எல்லைக்கு வெளியே, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் டீமோடு பேச வேண்டிய விஷயம்.

பதிப்பு மோதலைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே லைப்ரரிக்கு இரண்டு பதிப்புகள் வந்தால் மேவன் மரத்தில் அருகில் இருப்பதை எடுக்கும், அது பழையதாக இருந்தாலும். இன்னொரு பில்ட் கருவியான கிரேடில் வழக்கமாக, இருப்பதில் பெரிய பதிப்பை எடுக்கும். அதனால் மேவனில் 'ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸ்' விதியை முதலில் போடுங்கள். யாராவது கேட்டதைவிடக் குறைந்த பதிப்பு தேர்வானால் மட்டும் அது நிறுத்தும். 'டிபென்டென்சி கன்வர்ஜென்ஸ்' ரொம்பக் கண்டிப்பானது, சின்ன வித்தியாசத்துக்கும் நிறுத்தும். பழைய ப்ராஜெக்டில் முதல் நாளே அதைப் போட்டால் வாரக்கணக்கில் வேறு வேலை ஓடாது.

இப்போது லீட் கேட்டது. முதல் பகுதியில், கிளாஸ் உள்ளே இருக்கலாமா என்று பார்த்தோம். இங்கே கிளாஸ் உள்ளேதான் இருக்க வேண்டும், ஆனால் எல்லோரும் தொடக் கூடாது. இதற்கு மூன்று இடங்களில் காவல் வைக்கலாம்.

சோர்ஸ் ஃபைலில் வைத்தால் இம்போர்ட் வரிகளைப் பார்த்துத் தடுக்கும். கோட் நடையைச் சரிபார்க்கும் செக்ஸ்டைலில் 'இல்லீகல் இம்போர்ட்' இருக்கிறது, என்ஃபோர்சருக்கு 'ரெஸ்ட்ரிக்ட் இம்போர்ட்ஸ்' என்று வெளியில் இருந்து ஒரு விதி கிடைக்கிறது. வேகமாக ஓடும், எந்த வரி தப்பு என்று தெளிவாகச் சொல்லும். ஆனால் இம்போர்ட் வரியை மட்டும் படிக்கும் எந்தக் கருவியையும், கோடுக்கு நடுவில் கிளாஸின் முழுப்பெயரை எழுதித் தாண்டிவிடலாம். ஒரே பேக்கேஜில் இருந்தால் இம்போர்ட்டே தேவையில்லை.

பைட்கோடில் (கம்பைலர் உருவாக்கும் கோட்) வைத்தால் கம்பைல் ஆன பிறகு யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கலாம். ஆர்க்யூனிட் என்ற லைப்ரரி இதைச் சாதாரண ஜேயூனிட் டெஸ்டாகவே எழுத விடுகிறது. "கன்ட்ரோலர் பேக்கேஜில் இருக்கும் எதுவும் டிஏஓ பேக்கேஜில் இருக்கும் எதையும் சார்ந்திருக்கக் கூடாது" என்பதை ஏறத்தாழ அதே வாக்கியமாக எழுதிவிடலாம். ஒரு குறிப்பிட்ட மெத்தடை மட்டும் தடுக்க வேண்டும் என்றால் 'ஃபர்பிடன் ஏபிஐஸ்' பொருத்தமானது. லூசீன் தேடல் லைப்ரரியின் ப்ராஜெக்ட் அதைப் பயன்படுத்துகிறது. சிஸ்டம் அவுட்டில் பிரின்ட் செய்வது, சர்வரின் லொக்கேலை (மொழி, நாடு அமைப்பு) நம்பி எழுத்தை மாற்றுவது போன்றவற்றுக்குத் தயாரான பட்டியல்களே அதில் உண்டு. பைட்கோட் பார்வைக்கும் தெரியாதவை இருக்கின்றன. ஒரு கிளாஸில் இருக்கும் நிலையான எண்ணையோ ஸ்ட்ரிங்கையோ மட்டும் நீங்கள் பயன்படுத்தினால், கம்பைலர் அந்த மதிப்பையே உங்கள் கிளாஸில் பதித்துவிடும், அந்தக் கிளாஸைத் தொட்ட தடயம் பைட்கோடில் மிஞ்சாது. ரிஃப்ளெக்ஷனில் பெயரைச் சொல்லி ஏற்றுவதும், ஸ்பிரிங்கின் எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி இணைப்பதும் தெரியாது.

மூன்றாவது இடம் கம்பைலரே. முடிந்தால் இதைத்தான் செய்யுங்கள் என்பேன். டிஏஓ உங்களிடம் ஏற்கெனவே தனி மாட்யூலாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெப் மாட்யூல் சர்வீஸைச் சார்ந்தது, சர்வீஸ் டிஏஓ-வைச் சார்ந்தது. மேவனில் கம்பைல் ஸ்கோப் வழிவழியாகக் கசியும், அதனால்தான் வெப் மாட்யூலில் இருந்து டிஏஓ கிளாஸை இம்போர்ட் செய்ய முடிகிறது. கிரேடிலில் 'இம்ப்ளிமென்டேஷன்' என்று எழுதினால் இந்தக் கசிவு நின்றுவிடும். மேவனில் அந்த வசதி நேராக இல்லை. ஆனால் வெப் மாட்யூலின் போமில் டிஏஓ-வை நீங்களே ரன்டைம் ஸ்கோப்பில் அறிவித்துவிடுங்கள். நேரடி அறிவிப்பு மறைமுகமானதை வெல்லும். டிஏஓ வாருக்குள் போகும், ஆனால் வெப் மாட்யூலை கம்பைல் செய்யும்போது கண்ணில் படாது. தெரியாமல் இம்போர்ட் செய்தால் ஐடிஇ-யிலேயே சிவப்புக் கோடு விழும், டெஸ்ட் ஓடும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் போட்டவுடன், தொடாத கோடிலும் "இந்தக் கிளாஸ் ஃபைல் கிடைக்கவில்லை" என்று கம்பைலர் புலம்பலாம். உங்கள் சர்வீஸின் பப்ளிக் மெத்தட்கள் டிஏஓ-வின் கிளாஸ்களையே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தால் அப்படி வரும். அடுக்கு எங்கே உடைந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் உங்களுக்குக் கிடைக்காது. ஜாவா 9-இன் மாட்யூல் முறையை இதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். டாம்கேட்டில் ஏறும் வார் கிளாஸ்பாத்தில்தான் ஓடுகிறது, அங்கே அந்த எல்லைகள் அமலுக்கு வராது.

விதி எழுதுவது சுலபமான பாதி. ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் மீறல்கள் இருக்கும் கோடில் அதை எப்படி உயிரோடு வைத்திருப்பது என்பதுதான் கஷ்டம். எச்சரிக்கை நிலையில் விட்டால் லாகில் ஓடி மறையும், ஒரு மாதம் கழித்து யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. முதல் நாளே பில்டை நிறுத்தினால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் வைத்திருப்பவர் கமாண்டில் என்ஃபோர்சர் ஸ்கிப் என்று சேர்த்துவிடுவார், அவர்மேல் தப்பும் சொல்ல முடியாது. இதற்கு ஆர்க்யூனிட்டில் ஒரு நல்ல வழி இருக்கிறது. விதியை 'ஃப்ரீஸ்' செய்தால் இன்று இருக்கும் மீறல்களை ஒரு ஃபைலில் எழுதி வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்று சேர்ந்தால் மட்டும் டெஸ்டைத் தோற்கடிக்கும். பழையதை ஒருவர் சரிசெய்தால் பட்டியலில் இருந்து தானாக நீக்கிவிடும். அந்த ஃபைலை கிட்டில் கட்டாயம் சேருங்கள். அதில் ஒரு வரி கூடினால் ரிவ்யூவில் கண்ணில் பட வேண்டும்.

என்ஃபோர்சர் விதிகளில் மெசேஜ் என்று ஒரு இடம் உண்டு. அதைக் காலியாக விடாதீர்கள். ஏன் தடை, பதிலாக எதைப் பயன்படுத்துவது, யாரைக் கேட்பது என்று மூன்று வரி எழுதுங்கள். போன வாரம் சேர்ந்த ஃப்ரெஷருக்கு பில்ட் நிற்கும்போது கிடைக்கிற ஒரே ஆசிரியர் அந்த மெசேஜ்தான். காரணம் தெரியாத தடையை யாரும் மதிப்பதில்லை, சுற்றிப் போக வழி தேடுவார்கள். ஸ்கிப்பைப் பொறுத்தவரை, லேப்டாப்பில் ஒருவர் அவசரத்துக்குப் போட்டுக்கொள்வதை நான் தடுக்க மாட்டேன். சிஐ (பில்டைத் தானாக ஓட்டும்) சர்வரின் பில்ட் கமாண்டை டெவலப்பர்கள் மாற்ற முடியாதபடி வையுங்கள், மெர்ஜுக்கு அந்த பில்டின் முடிவு மட்டுமே செல்லட்டும். இன்னொன்று, பேரன்ட் போமில் இருக்கும் விதியை ஒரு மாட்யூல் அதே ஐடியோடு மீண்டும் அறிவித்து, ஃபேஸை 'நன்' என்று மாற்றி அமைதியாக அணைத்துவிட முடியும். பேரன்ட்டையே எடுக்காத மாட்யூலும் எங்காவது ஒன்று இருக்கும். எல்லா போம்களிலும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் வார் ஃபைலைத் திறந்து அந்தக் கிளாஸ் எந்த ஜாரில் இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று கண்டுபிடித்து கிளையன்ட்டுக்கு எழுதுவேன். அடுத்து வெரிஃபை கட்டத்து ஸ்கிரிப்ட், பிறகு டூப்ளிகேட் கிளாஸ் விதி. ரன்டைம் ஸ்கோப் மாற்றத்தைத் தனி பிரான்ச்சில் முயன்று பார்த்து, எவ்வளவு உடைகிறது என்று லீடிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். ரொம்ப உடைந்தால் ஆர்க்யூனிட்டின் ஃப்ரீஸ் போதும். தேடலில் வந்த ஜாரின் பெயரையும், டிபென்டென்சி மரத்தில் அதன் மேலே இருக்கும் இரண்டு வரிகளையும் இங்கேயே போடுங்கள். கிளையன்ட்டின் பெயர் தெரியும் இடங்களை மட்டும் அழித்துவிடுங்கள். அது எந்த வழியில் உள்ளே வந்தது என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.